காலில் சிவப்புப் புள்ளி, ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி: சம்பந்தம் உண்டா?

3 ஜனவரி 2023, மாலை 6.10
தாராபுரத்தான்

அம்மாவுக்கு 58 வயது. ஒன்றரை வருடமாக இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகப் புள்ளி வருகிறது. பத்து நாளில் மங்கும், திரும்ப வரும். தோல் டாக்டர்கள் இரண்டு பேர் பார்த்தாயிற்று. களிம்பு கொடுத்தார்கள். போன மாதம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'ஹெச்.சி.வி. ரியாக்டிவ்' என்று, அதாவது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸின் அடையாளம் இருக்கிறது என்று வந்ததும் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஈரல் டாக்டரிடம் காலைக் காட்டினால் தோல் டாக்டரிடம் போகச் சொல்கிறார். தோல் டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினால் ஈரல் டாக்டரிடம் போகச் சொல்கிறார். பெரியம்மா எல்லாவற்றுக்கும் ரத்தச் சூடு என்கிறார். இது ஒரே வியாதியா, இரண்டா?

3 ஜனவரி 2023, இரவு 9.45
குன்னூர் டீச்சர்

ஒரே வியாதியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு தம்பி. எனக்கு அப்படித்தான் இருந்தது. கண்ணாடி டம்ளரைப் புள்ளிமேல் வைத்து அழுத்திப் பாருங்கள். சிவப்பு மறைந்து வெளுத்தால் அது வேறு சமாச்சாரம். அழுத்தியும் சிவப்பு அப்படியே நின்றால் ரத்தம் நாளத்தைவிட்டு வெளியே கசிந்திருக்கிறது என்று அர்த்தம். களிம்பையெல்லாம் நிறுத்திவிடுங்கள். அம்மாவைக் குளிரில் இருக்கவிடாதீர்கள்.

4 ஜனவரி 2023, காலை 5.30
குன்னூர் டீச்சர்

ராத்திரி அவசரமாக எழுதிவிட்டேன். தூக்கம் வரவில்லை. முழுதாகச் சொல்கிறேன்.

2013 மார்கழியில் ஆரம்பித்தது. குன்னூரில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஆறு பீரியட், ஆறும் நின்றபடி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே கடுகு கொட்டிச் சிதறினமாதிரி புள்ளிகள். விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். முதல் நாள் எரிச்சல் இருக்கும். மூன்றாம் நாள் கத்தரிப்பூ நிறம், ஒரு வாரத்தில் துரு நிறம். புள்ளி போகும், துரு போகாது. இரண்டு வருடத்தில் என் கெண்டைக்கால் முழுக்க பழைய இரும்புப் பெட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. ரத்தத்தில் இருக்கும் இரும்புச்சத்து தோலில் தங்கிவிடுவதால் அந்த நிறம் என்று பிற்பாடு தெரிந்தது.

கூடவே கை விரல் மூட்டுகளில் வலி, சாக்பீஸ் பிடிக்க முடியாத அசதி. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 'ஆர்.ஏ. ஃபேக்டர்' எக்கச்சக்கமாக இருந்தது. முடக்குவாதம் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை. சாப்பிடும்வரை நன்றாக இருக்கும், நிறுத்தினால் எல்லாம் திரும்பும். இப்படி மூன்று வருடம் போனது.

2016ல் கோயம்புத்தூரில் பார்த்த நான்காவது டாக்டர் ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து என் காலை அழுத்தினார். பிறகு அதுவரை யாருமே கேட்காத ஒரு கேள்வி கேட்டார்: "எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களாம்மா?" 1992ல் மகள் பிறந்ததும் உதிரப்போக்கு அதிகமாகி இரண்டு பாட்டில் ஏற்றியிருந்தார்கள். அந்த ரத்தம்தான் என்னைக் காப்பாற்றியது. அதனுள் இதுவும் இருந்திருக்கிறது.

இந்த வைரஸை அடையாளம் கண்டதே 1989ல். அதற்கு முன் 'ஏ-யும் இல்லாத பி-யும் இல்லாத' மஞ்சள் காமாலை என்றுதான் பெயர். கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020ல் நோபல் கொடுத்தார்கள். இந்தியாவில் ரத்த வங்கிகள் ஒவ்வொரு பாட்டிலையும் இதற்காகச் சோதிப்பது கட்டாயமானது 2000களின் தொடக்கத்தில்தான். எனக்கு ஏற்றியவர்கள்மேல் கோபம் வந்ததில்லை. கேட்காமல் விட்ட மூன்று டாக்டர்கள்மேல் இன்னும் இருக்கிறது.

4 ஜனவரி 2023, இரவு 8.20
குன்னூர் டீச்சர்

தாராபுரம் தம்பி, "புள்ளி அழுத்தினாலும் போகவில்லை, ஈரல் வியாதி எப்படிக் காலில் வரும்" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை இதுதான்.

வைரஸ் ஈரலோடு நிற்பதில்லை. வருடக்கணக்காக உடம்பில் இருந்துகொண்டு, எதிர்ப்புப் புரதம் உண்டாக்கும் செல்களை ஓயாமல் சீண்டுகிறது. அவை தறிகெட்டுப்போய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் புரதங்களை ரத்தத்தில் கொட்டுகின்றன. அவற்றுக்குக் கிரையோகுளோபுலின் என்று பெயர். கிரையோ என்றால் குளிர். குளிர்ந்தால் உறைந்து கட்டியாகும், சூடானால் கரையும். இந்தக் கட்டிகள் பொடி ரத்தநாளங்களின் சுவரில் போய்ப் படிந்து அழற்சி உண்டாக்குகின்றன. சுவர் ஒழுகுகிறது. அந்த ஒழுகலைத்தான் நாம் வெளியே புள்ளியாகப் பார்க்கிறோம். ஆர்.ஏ. ஃபேக்டர் ஏறுவதும் இதே புரதத்தால்தான். எனக்கு முடக்குவாதம் இருக்கவே இல்லை.

புள்ளி, மூட்டுவலி, அசதி மூன்றும் சேர்ந்து வருவதை மெல்ட்சர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1966லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வைரஸ் அகப்படுவதற்கு 23 வருடம் முன்பு.

ஹெபடைடிஸ் சி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் ரத்தத்தில் தேடினால் இந்தப் புரதம் கிடைக்குமாம். ஆனால் அதனால் நோயாகப் படுவது அதில் சிறு பங்குதான்.

5 ஜனவரி 2023, மாலை 4.00
குன்னூர் டீச்சர்

ரத்தம் எடுக்கும் முறையைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இதில்தான் நான் ஏமாந்தேன்.

முதல் தடவை குன்னூரில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். 'கிரையோகுளோபுலின் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தது. வராமல் என்ன செய்யும்? மலை இறங்குவதற்குள் அந்தப் புரதம் உறைந்து, ரத்தக்கட்டியோடு கட்டியாக அடியில் போயிருக்கும். மேலே இருக்கும் தெளிநீரை மட்டும் சோதித்தால் ஒன்றும் இருக்காது.

இரண்டாம் தடவை டாக்டர் என்னையே ஆய்வகத்துக்கு வரச் சொன்னார். ஊசியையும் குழாயையும் முன்னாலேயே வெதுவெதுப்பாக்கி, எடுத்த ரத்தத்தை 37 டிகிரி வெந்நீர் இருந்த ஃபிளாஸ்க்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார் ஆய்வகத்துப் பெண். உறையும்வரை சூட்டிலேயே வைத்து, தெளிநீரைப் பிரித்து, அதற்கப்புறம்தான் 4 டிகிரி குளிரில் வைத்தார்கள். மூன்றாம் நாள் குழாயைக் காட்டினார்கள். அடியில் கஞ்சித் தெளிவு மாதிரி வெள்ளைப் படிவு. கையில் வைத்துச் சூடேற்றியதும் கரைந்தது. இருபத்தைந்து வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள், என் ரத்தம் என் கண்ணெதிரே கரைவதைப் பார்த்து நின்றேன்.

ஆகவே 'இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால், ரத்தத்தை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று கேளுங்கள். கூடவே 'சி4' என்ற ரத்தப் புரதத்தை அளக்கும் பரிசோதனையும் கேளுங்கள். இந்த நோயில் அது நன்றாகக் குறைந்திருக்கும். எனக்கு அளவுகோலுக்கு எட்டாத அளவில் இருந்தது.

5 ஜனவரி 2023, இரவு 9.15
தாராபுரத்தான்

ஃபிளாஸ்க் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "என் ரத்தத்தையும் காபி மாதிரியே கொண்டுபோகச் சொல்லு" என்று சிரித்தார். ரிப்போர்ட் வந்த பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

7 ஜனவரி 2023, காலை 6.10
குன்னூர் டீச்சர்

முதல் நாள் எழுதியதில் இரண்டு தவறு. திருத்திக்கொள்கிறேன்.

ஒன்று, களிம்பை நிறுத்தச் சொன்னது. அது என் வேலை இல்லை. புள்ளி புண்ணாகியிருந்தால் களிம்பும் கட்டும் தேவைப்படும். டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இரண்டு, குளிர். பெயரிலேயே குளிர் இருக்கிறது, நான் இருந்தது குன்னூர். ஊர்க் குளிர்தான் காரணம் என்று மூன்று வருடம் உறுதியாக நம்பினேன். இரண்டு சாக்ஸ் போட்டேன், வெந்நீர்ப் பை வைத்தேன், கடைசியில் நீண்ட விடுப்பு எடுத்து மேட்டுப்பாளையத்தில் தங்கச்சி வீட்டுக்கே போய்விட்டேன். கத்திரி வெயில். அங்கே அவள் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. காலையிலிருந்து ராத்திரிவரை பந்தியில் நின்று பரிமாறினேன். மறுநாள் விடிந்ததும் பார்த்தால் இரண்டு காலிலும் அதுவரை வராத அளவுக்குப் புள்ளி. மேட்டுப்பாளையத்தில், மே மாதத்தில், என்ன குளிர்?

நின்றதுதான் காரணம். நிற்கும்போது ரத்தத்தின் பாரமெல்லாம் கெண்டைக்கால் நாளங்களில் இறங்குகிறது. ஒழுகத் தயாராக இருக்கும் சுவர் அங்கேதான் முதலில் ஒழுகும். குளிரில் அதிகமாகிறவர்களும் இருக்கிறார்கள், அதை இல்லை என்று சொல்லவில்லை. என் விஷயத்தில் நான் தேடவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வானிலையைத் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா என்ன வேலை செய்கிறார் தம்பி? நின்று செய்யும் வேலையா?

7 ஜனவரி 2023, காலை 9.00
தாராபுரத்தான்

இட்லிக் கடை. காலை நாலரையிலிருந்து பத்தரைவரை நின்றபடிதான்.

7 ஜனவரி 2023, காலை 9.20
குன்னூர் டீச்சர்

ஒரு உயரமான முக்காலி வாங்கிப் போடுங்கள். இன்றைக்கே.

8 ஜனவரி 2023, இரவு 10.30
குன்னூர் டீச்சர்

இன்னொன்றும் திருத்தவேண்டும். தனிச் செய்தியில் ஒரு அம்மா, பேரனுக்குக் காய்ச்சலோடு காலில் சிவப்புப் புள்ளி, ஹெபடைடிஸ் சி சோதிக்கலாமா என்று கேட்டார். பதறிவிட்டேன். காய்ச்சலோடு புள்ளி வந்தால் நம் ஊரில் முதலில் நினைக்கவேண்டியது டெங்கு. தட்டணுக்கள் இறங்கியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விஷயம். அதுவும் இல்லாமல் சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமலும், வேறு கிருமிகளாலும் இதே மாதிரி புள்ளி வரும். நான் என் கதையைத்தான் சொல்கிறேன். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் புள்ளிக்குத்தான் என் கதை பொருந்தும்.

பையனுக்கு இப்போது பரவாயில்லையாம். டெங்குதான்.

11 ஜனவரி 2023, மாலை 7.05
வாழப்பாடிக்காரர்

என் மாமாவுக்கும் ஹெபடைடிஸ் சி உண்டு. அவருக்குக் காலில் ஒன்றும் இல்லை. வெயிலில் போய்வந்தால் இரண்டு புறங்கையிலும் நீர்க்கொப்புளம். அக்கி என்று குயவர் வீட்டில் காவி எழுதிவந்தோம், ஆறு மாதத்தில் மூன்று தடவை. நிற்கவில்லை. இதுவும் அதுதானா?

11 ஜனவரி 2023, இரவு 10.40
குன்னூர் டீச்சர்

அக்கி என்றால் உடம்பில் ஒரு பக்கமாக, கோடு பிடித்தமாதிரி, கடும் வலியோடு வரும். உங்கள் மாமாவுக்கு இரண்டு புறங்கையிலும் வருகிறது, வெயிலில் போய்வந்த பிறகு வருகிறது என்கிறீர்கள். எனக்கு உடனே பொள்ளாச்சி அண்ணன் ஞாபகம் வந்தார்.

2016ல் சிகிச்சைக்குப் போகும்போது மாதாமாதம் பெஞ்சில் பக்கத்தில் உட்காருவார். தென்னந்தோப்பில் வேலை. புறங்கை முழுக்க கொப்புளமும், உடைந்த இடத்தில் தழும்பும், தழும்பில் கேழ்வரகு அளவு வெள்ளை மணிகளும். சட்டைப் பையில் கைவிட்டு எடுத்தாலே தோல் உரிந்துவிடும். கன்னத்தில், கண்ணோரத்தில் முடி அடர்ந்து வளர்ந்திருந்தது. முகம் கறுத்திருந்தது. சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போகிறது என்றார். போர்ஃபிரியா என்று டாக்டர் சொன்னாராம், முழுப்பெயர் போர்ஃபிரியா கியூட்டேனியா டார்டா.

ரத்தத்துக்குச் சிவப்பு தரும் பொருளை உடம்பு தயாரிக்கும்போது, நடுவில் ஒரு நொதி வேலை செய்யாமல் போகிறது. பாதியில் நின்ற பொருள் சேர்ந்து தோலுக்கு வந்துவிடுகிறது. அதன்மேல் வெளிச்சம் பட்டால் தோல் வெந்துபோகிறது. ஹெபடைடிஸ் சி, குடி, புகை, ஈரலில் சேரும் இரும்பு எல்லாம் அந்த நொதியைக் கெடுப்பவை. அண்ணனுக்கு நான்கும் இருந்தன.

அவர் சொன்னதில் நான் மறக்காதது மூன்று. கடையில் விற்கும் சன்ஸ்கிரீன் பூசியும் பயனில்லையாம். அவை பெரும்பாலும் புற ஊதாக் கதிரைத் தடுப்பவை, இவரைச் சுடுவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். ஜன்னல் கண்ணாடியும் அதைத் தடுக்காது. முழுக்கைச் சட்டையும் கையுறையும்தான் காப்பாற்றின. இரண்டாவது, சோர்வாக இருக்கிறது என்று வேறொருவர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து டானிக்கை ஆறு மாதம் குடித்திருக்கிறார். அது எரிகிற அடுப்பில் விறகு. அவருக்கு வைத்தியமே குடியை நிறுத்தி, சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பாட்டில் ரத்தத்தை வெளியே எடுத்து இரும்பைக் குறைப்பதுதான். கூடவே வைரஸுக்கு மாத்திரை. மூன்றாவது, சிறுநீர்ச் சோதனைக்குக் கொடுக்கும் புட்டியை வெளிச்சம் படாமல் சுற்றிக் கொடுக்கவேண்டும். என் ரத்தம் சூட்டில் போனது, அவருடைய சிறுநீர் இருட்டில் போனது.

இதற்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையும் கொடுப்பார்கள், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும், மிகக் குறைந்த அளவில். வழக்கமான அளவில் தின்றால் ஈரல் தாங்காது. வீட்டில் மூட்டுவலிக்கு வாங்கிவைத்தது இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

காவி எழுதியதில் ஆறு மாதம் போயிற்றே என்று மாமாவைத் திட்டவேண்டாம். மூன்று டாக்டர்களிடம் போயும் எனக்கு மூன்று வருடம் போனது.

12 ஜனவரி 2023, காலை 6.00
குன்னூர் டீச்சர்

வாயில் வெள்ளைக் கோடு பற்றிக் கேட்டவருக்கு. கன்னத்தின் உட்பக்கம் வலை பின்னியமாதிரி வெள்ளைக் கோடுகள், மிளகாய் பட்டால் உயிர் போகும் எரிச்சல் என்றால் லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். மணிக்கட்டில், கணுக்காலில் ஊதா நிறத்தில் தட்டையான பளபளப்புத் தடிப்பாகவும் வரும். நம் நிறத்துக்கு ஆறிய பிறகு கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். ஜப்பானிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் ஹெபடைடிஸ் சி-யோடு இதற்கு நெருக்கம் தெரிகிறது. பிரிட்டன் போன்ற இடங்களில் அவ்வளவு தெரியவில்லை. ஆகவே லைக்கன் பிளானஸ் என்றதும் வைரஸ் என்று முடிவுகட்டவேண்டாம். ஒரு தடவை சோதித்துவிடுங்கள், அவ்வளவுதான். வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவராக இருந்தால் அந்த வெள்ளையைப் பல் டாக்டர் அவசியம் பார்க்கவேண்டும். அது வேறு ஆபத்தாக இருக்கலாம்.

16 ஜனவரி 2023, இரவு 11.50
குன்னூர் டீச்சர்

பொங்கலுக்கு மகள் வந்திருந்தாள். இங்கே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, "அரிப்பைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையேம்மா, அதுதானே உன்னை ஆட்டிவச்சது" என்றாள். உண்மைதான். புள்ளியைக் காட்டலாம், அரிப்பைக் காட்டமுடியாது. அதனாலேயே விட்டுப்போயிருக்கிறது.

ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிக்கும். தோலில் ஒன்றுமே இருக்காது. தடிப்பு, சிவப்பு எதுவும் இல்லை. உள்ளங்கை, முதுகு, கால். பழைய தென்னந்துடைப்பக் குச்சி ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் எழுந்து விசிறுவார், வேப்பிலை போட்டு வெந்நீர் வைத்துக்கொடுப்பார். வெந்நீர் இன்னும் மோசம், தோல் காய்ந்து அரிப்பு கூடும். அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வரும், அரிப்பு அப்படியே இருக்கும். தூக்கத்திலேயே சொறிந்து காலையில் பார்த்தால் ரத்தக் கீறல்.

'மனக்கவலையால் வருவது' என்று ஒரு டாக்டர் எழுதினார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஹெபடைடிஸ் சி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது இந்த அரிப்பு உண்டு என்று பின்னால் படித்தபோது, சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். குளிர்ந்த தண்ணீர்க் குளியல், ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய், பருத்திப் புடவை. இவை கொஞ்சம் ஆற்றின. முழுதாக நின்றது வைரஸ் போன பிறகுதான்.

18 ஜனவரி 2023, மாலை 5.15
குன்னூர் டீச்சர்

"எல்லாத் தோல் வியாதியும் இதனால்தானா, சொரியாசிஸும் இதுதானா" என்று கேட்டவருக்கு: இல்லை. ஆனால் சொரியாசிஸ் மாதிரியே இருக்கும் ஒன்று உண்டு. அதன் கதை எகிப்தில் இருக்கிறது.

1996ல் எகிப்திய மருத்துவர்கள் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பாதத்தின் மேல்பக்கம் கறுத்த சிவப்பில், ஓரம் தெளிவான செதில் தடிப்பு. சொரியாசிஸ் மருந்து கேட்கவில்லை. ஏழு பேருக்கும் ஹெபடைடிஸ் சி. நெக்ரோலிட்டிக் ஏக்ரல் எரிதீமா என்று பெயர் வைத்தார்கள். பலருக்குத் துத்தநாக மாத்திரையால் குணம் தெரிகிறது.

எகிப்தில் ஏன் என்று தேடியபோது மனது கலங்கிவிட்டது. நைல் கால்வாய்களில் நத்தை மூலம் பரவும் ஒரு புழுநோய் ஊர் ஊராக இருந்திருக்கிறது. அதை ஒழிக்க 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை அரசே ஆண்டிமனி ஊசியை வரிசையாகப் போட்டது. கண்ணாடிச் சிரிஞ்சு, சரியாகக் கொதிக்கவைக்காமல் ஒருவர் மாற்றி ஒருவருக்கு. புழு குறைந்தது, வைரஸ் பரவியது. நல்லது செய்யப் போன ஊசி அது.

எங்கள் ஊரில் கம்பவுண்டர் வீட்டுத் திண்ணையில் எவர்சில்வர் டப்பா ஒன்று ஸ்டவ்மேல் கொதித்துக்கொண்டே இருக்கும். சின்ன வயதில் அதே கண்ணாடிச் சிரிஞ்சில்தான் எங்கள் தெருவே ஊசி போட்டுக்கொண்டது. 1992 ரத்தம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பதுகூட நிச்சயமா என்று இப்போது யோசிக்கிறேன். டாக்டரும் 'பெரும்பாலும்' என்றுதான் சொன்னார்.

அதே எகிப்து 2018ல் தொடங்கி ஏழே மாதத்தில் ஐந்து கோடிப் பேர் அளவுக்குச் சோதித்து, வைரஸ் இருந்தவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது. அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

19 ஜனவரி 2023, காலை 7.30
தாராபுரத்தான்

பெரியம்மா அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்துவைத்துவிட்டார். கடைக்கும் போகவேண்டாம், ஜனங்களுக்குத் தொற்றும் என்கிறார். என்ன சொல்வது?

19 ஜனவரி 2023, காலை 7.50
குன்னூர் டீச்சர்

தட்டை இப்போதே உள்ளே வைக்கச் சொல்லுங்கள். இது ரத்தத்திலிருந்து ரத்தத்துக்குப் போகும் வைரஸ். சேர்ந்து சாப்பிடுவதால், தொடுவதால், இருமலால், கொசுவால் வராது. அம்மா கையால் இட்லி சாப்பிட்டால் வராது. காலில் இருக்கும் புள்ளி ஒட்டாது. ஒதுக்கிவைக்கவேண்டியது ரேஸர், நகவெட்டி, பல் பிரஷ். வெட்டுக்காயம் பட்டால் மூடிவைக்கவேண்டும். அவ்வளவுதான்.

என் மாமியார் வீட்டில் என் டம்ளர் ஜன்னல் ஓரத்தில் தனியாக இரண்டு வருடம் இருந்தது. யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. அரிப்பைவிட அதுதான் எரிந்தது.

மகனையும் மகளையும் சோதித்தோம். மகன் 1996ல் பிறந்தவன், என் உடம்பில் வைரஸ் இருந்த காலம். நூறில் ஐந்து பிள்ளைகளுக்கு அளவில் தாயிடமிருந்து வருமாம். ரிப்போர்ட் வரும்வரை இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. இருவருக்கும் இல்லை.

22 ஜனவரி 2023, மாலை 3.40
குன்னூர் டீச்சர்

சிகிச்சை பற்றித் தனித்தனியாகக் கேட்கிறவர்களுக்கு ஒரே இடத்தில்.

'ரியாக்டிவ்' என்பது எதிர்ப்புப் புரதச் சோதனை. வைரஸ் ஒருகாலத்தில் உள்ளே வந்ததற்கு அது சாட்சி. இப்போதும் இருக்கிறதா என்பதற்கு, வைரஸின் மரபுப் பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனை வேண்டும். சிலருக்குத் தானாகவே போயிருக்கும். மாத்திரை தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி-யும் பார்க்கவேண்டும், சி அடங்கும்போது பி தலைதூக்கலாம். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். புள்ளி உள்ளவர்கள் சிறுநீரில் புரதம் போகிறதா என்று அவசியம் பார்க்கவேண்டும், காலில் ஒழுகுவதுபோலவே சிறுநீரகத்திலும் நாளம் கெடும். பாதம் மரத்துப்போகிறதா என்றும் சொல்லவேண்டும்.

மாத்திரை பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் வைரஸ் போய்விடுகிறது. இந்த வைரஸுக்கான சோஃபோஸ்புவிர் என்ற மருந்து 2013 கடைசியில் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014ல் இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கிடைத்து இங்கே விலை பல மடங்கு இறங்கியது. நான் 2016ல் சோஃபோஸ்புவிரும் டக்ளாடஸ்விரும் சேர்த்துச் சாப்பிட்டேன். இறங்கிய விலைக்கே வளையலை வைத்தோம். 2018 ஜூலை 28ல் மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபின் சோதனையும் மருந்தும் இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ கேளுங்கள். இதய மாத்திரை, வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை எது சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள், சேரக்கூடாதவை உண்டு. கீழாநெல்லி குடிக்கலாமா என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். அதை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வைரஸ் அதற்குப் போகாது.

எனக்கு நான்காம் வாரம் புதுப்புள்ளி நின்றது. பத்தாம் வாரம் ராத்திரி முழுக்கத் தூங்கினேன். பாதத்தில் மரத்த இடம் மட்டும் இன்றுவரை மரத்தபடிதான். நரம்பு கெட்டது கெட்டதுதான், சீக்கிரம் பிடித்திருந்தால் அது மிஞ்சியிருக்கும். சிலருக்கு வைரஸ் போனபிறகும் அந்தப் புரதம் ரத்தத்தில் தங்கிவிடுகிறது, நோய் முற்றினவர்களுக்கு அந்தத் தறிகெட்ட செல்களை அடக்கும் ரிட்டக்ஸிமாப் ஊசிவரை போகவேண்டிவரும். எல்லாருக்கும் என்னைப்போலவே போகும் என்று சொல்லமாட்டேன்.

9 பிப்ரவரி 2023, இரவு 9.00
தாராபுரத்தான்

ஆர்.என்.ஏ. இருக்கிறது. சி4 ரொம்பக் குறைவு. சிறுநீரில் லேசாகப் புரதம். ஈரல் இறுகவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அரசு ஆஸ்பத்திரி மாத்திரை தொடங்கியாயிற்று. தோல் டாக்டரும் ஈரல் டாக்டரும் இப்போது ஒரே ஃபைலில் எழுதுகிறார்கள். கிரையோ சோதனைக்கு அம்மாவே ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டார்.

10 ஏப்ரல் 2023, காலை 6.20
குன்னூர் டீச்சர்

இரண்டு மாதமாகச் செய்தி இல்லையே தம்பி? கால் எப்படி இருக்கிறது?

10 ஏப்ரல் 2023, மாலை 8.10
தாராபுரத்தான்

ஐந்து வாரமாகப் புதிதாக ஒன்றும் வரவில்லை டீச்சர். பழைய கறை இருக்கிறது. முக்காலியில் உட்கார்ந்துதான் மாவு ஊற்றுகிறார். வாழப்பாடி அண்ணனின் மாமாவும் குடியை விட்டுவிட்டாராம்.

28 ஜூலை 2023, இரவு 7.30
தாராபுரத்தான்

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. 'கண்டறியப்படவில்லை'. சிறுநீரில் புரதமும் இல்லை. ஆனால் 'ரியாக்டிவ்' இன்னும் ரியாக்டிவாகவே வருகிறது, அம்மா பயந்துபோயிருக்கிறார். ஆகஸ்ட் கடைசியில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குத் தேதி கேட்டிருக்கிறோம்.

28 ஜூலை 2023, இரவு 8.05
குன்னூர் டீச்சர்

அம்மாவிடம் போனைக் கொடுத்து இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

அம்மா, வைரஸ் போய்விட்டது. அந்த 'ரியாக்டிவ்' பெரும்பாலும் சாகும்வரை ரியாக்டிவாகத்தான் இருக்கும், அது பழைய தழும்பு. 2019ல் கண்புரை ஆபரேஷனுக்குப் போனபோது, ஒரு மருத்துவமனையில் இந்த ஒரு வார்த்தையைப் பார்த்து என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை நான் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். நீங்கள் இரண்டையும் லேமினேட் செய்து ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். யார் 'ரியாக்டிவ்' என்று சொன்னாலும் இரண்டாவது தாளைத் திருப்பிக் காட்டுங்கள். ஒருதடவை குணமானால் திரும்ப வராது என்று இல்லை, கண்ட ஊசியும் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லுங்கள், சி4-ம் ஒரு தடவை.

முக்காலியை எடுத்து உள்ளே வைத்துவிடவேண்டாம்.